ஆறு குதிரைசக்தி யாருக்கு? டிரெட்மில் விவரத்தாள்கள் பற்றி ஒரு விமர்சனம்

போன மாதம் என்ன படித்தேன் என்று கேட்டால் உண்மையான பதில்: டிரெட்மில் பிரௌச்சர்கள். மொத்தம் பதினொன்று. கடையில் வாங்கிய வழவழ காகிதம் நாலு, மீதி பி.டி.எஃப். வேலையில் ஸ்பெக் டாகுமெண்ட் படித்துப் படித்து, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் "இதை யார், யாருக்காக எழுதினான்?" என்று கேட்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. நாவல் விமர்சகர்கள் பிரதிக்குள்ளே ஒளிந்திருக்கும் உத்தேச வாசகனைத் தேடுவார்கள் இல்லையா, அதுபோல இந்தப் பிரௌச்சர்களுக்குள்ளே ஒளிந்திருக்கும் உத்தேச ஆளைத் தேடினேன். ஆள் கிடைத்தான். வயது முப்பதுக்குள். எடை எழுபது கிலோ. மணிக்குப் பதினாறு கி.மீ. வேகத்தில் ஓடுகிறான். மூச்சு வாங்குவதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தரும் இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா. 73 வயது. ரெண்டு வருஷம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது. தினமும் அரைமணி நேரம் நடக்கணும் என்று கார்டியாலஜிஸ்ட் சொல்லி, அவரும் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தார். தெருவைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். கடைசியில் ஒரு நாள் விடிகாலை நாய் துரத்தி, பள்ளத்தில் கால் வைத்து விழுந்து, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டு பிரித்தாச்சு. ஆனால் "இனிமே வெளியே நடக்கலடா" என்று சொல்லிவிட்டார். நடை நின்ற ரெண்டே மாதத்தில் சர்க்கரையும் ஏறியது, முகமும் தொங்கிப்போச்சு. ஆகவே இந்தக் குறிப்பு பொழுதுபோக்குக்கு எழுதுவதில்லை. தப்பான இயந்திரத்தை வாங்கினால் அவர் இரண்டாம் தடவை விழுவார், இல்லை ஏறவே மாட்டார்.

தாம்பரம் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். நாலு கடையிலும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்ளோ சார்?" ரெண்டாவது வாக்கியம் "இது சிக்ஸ் எச்.பி. சார்." அப்பா பக்கத்தில் கைத்தடியோடு நின்றுகொண்டிருக்கிறார். யாருக்கு வாங்குகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விற்பனைப் பையன்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கையில் கொடுத்த காகிதத்தைத்தான் அவர்களும் ஒப்பிக்கிறார்கள். அதனால் காகிதத்தையே பார்ப்போம்.

முதல் வரி, பெரிய எழுத்தில்: 6 எச்.பி. பக்கத்தில் சின்னதாக "பீக்". ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆறு என்றால் 4,476 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பாருங்கள், 19 ஆம்பியருக்கு மேல் வருகிறது. வீட்டில் இருக்கிற பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான், ஏசிக்கும் கீசருக்கும் போடுவோமே, அது. அதிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது 3,680 வாட், அதாவது ஐந்து எச்.பி.க்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவுக்கும் நான் பார்த்த ஆறு எச்.பி. இயந்திரம் ஒன்றின் வயரில் இருந்தது சாதாரண 6 ஆம்பியர் பிளக். அதன் உச்சவரம்பு 1,380 வாட், இரண்டு எச்.பி. கூட இல்லை. குனிந்து பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தால் உள்வாங்கும் மின்சக்தி 1,300 வாட் என்று போட்டிருந்தது. பிரௌச்சர் சொல்வது ஒன்று, ஸ்டிக்கர் சொல்வது வேறு. நம்பவேண்டியது ஸ்டிக்கரை.

நியாயமாகச் சொன்னால் பீக் என்பது பொய் இல்லை. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தில் சக்தி சேர்ந்திருக்கிறது. கால் ஊன்றும் ஒரு கணத்துக்கு அது வெளியே வரும். அந்தக் கணத்தை அளந்து எழுதுகிறார்கள். அரைமணி நேரம் நடக்கிறவருக்கு அந்தக் கணத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தேவை, தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதை "கன்டினியுவஸ்" என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கணும். என் பதினொன்றில் நாலு பிரௌச்சரில்தான் அது இருந்தது.

அப்படியானால் நடைக்கு எவ்வளவு சக்தி வேண்டும்? இதை நானே போட்டுப் பார்த்தேன். மோட்டாரின் வேலை, ஆள் நிற்கும் பெல்ட்டைப் பலகைமேல் இழுப்பது. எதிர்ப்பது உராய்வு. ஆள் 80 கிலோ, உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்துக்கொண்டால் இழுக்கவேண்டிய விசை சுமார் 157 நியூட்டன். மணிக்கு 5 கி.மீ. நடை என்றால் விநாடிக்கு 1.39 மீட்டர். பெருக்கினால் 218 வாட். ஒரு எச்.பி.யில் மூன்றில் ஒரு பங்கு கூட வரவில்லை. பத்து கி.மீ. ஓட்டத்துக்கே 436 வாட்தான். மோட்டாரிலும் சர்க்யூட்டிலும் வீணாவதைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் ஆறு எச்.பி.யின் வாடையே இல்லை.

இதோடு விட்டிருந்தால் "சின்ன மோட்டாரே போதும், மலிவானதை வாங்கு" என்று முடித்திருப்பேன். முதல் வரைவில் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. மேலே போட்ட கணக்கில் விசை என்பது வேகத்தைப் பொறுத்தது இல்லை. 157 நியூட்டன் என்பது 2 கி.மீ. வேகத்திலும் அதேதான், 12 கி.மீ. வேகத்திலும் ஏறக்குறைய அதேதான். வீட்டு டிரெட்மில்களில் அதிகம் இருக்கும் டி.சி. மோட்டாரில் விசைக்கு ஏற்பத்தான் கரண்ட் ஓடும், கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறும். அந்தச் சூட்டை ஆற்றுவது யார்? பெரும்பாலும் மோட்டார் தண்டிலேயே மாட்டியிருக்கும் சின்ன விசிறி. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அதாவது, மெதுவாக நடக்கும் கனமான ஆள்தான் மோட்டாருக்கு மோசமான சுமை. சூடு அப்படியே இருக்கு, காற்று மட்டும் குறைஞ்சுபோச்சு. வேகமாக ஓடும் ஒல்லியான பையன் அதற்கு வலிக்காத விருந்தாளி.

பிரௌச்சர் முழுக்க அந்தப் பையனுக்காக எழுதியது. வாங்குகிற வீடுகளில் நடப்பதோ அப்பாக்களும் அம்மாக்களும், என்னைப் போல நாற்பதைத் தாண்டிய தொப்பைக்காரர்களும். சோதனையில் சுலபமான கேஸை மட்டும் ஓட்டிவிட்டு, "எல்லாம் பாஸ்" என்று எழுதுகிற மாதிரி இருக்கு இது. எங்கள் ஆபீசில் அப்படிச் செய்தால் கோடை மெர்ஜ் பண்ண விடமாட்டோம்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். செலவு ஒரு சாக்பீஸ். பெல்ட்டின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பெல்ட் முழுச்சுற்று எவ்வளவு நீளம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நான் அளந்ததில் 2.9 மீட்டர். வேகத்தை 4 கி.மீ.யில் வைத்து, ஆள் ஏறாமல் இருபது சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்தால் 52 விநாடி வரணும். வந்தது. அப்புறம் நான் ஏறி நடந்தேன், நான் 82 கிலோ. கோடு எண்ணியது என் பையன். ஒரு இயந்திரத்தில் 53 விநாடி. ஆறு எச்.பி. என்று போட்ட இன்னொன்றில் 56. திரை அப்பவும் 4.0 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் ஓடியது 3.7. அதைவிட, ஒவ்வொரு தடவை குதிகால் ஊன்றும்போதும் பெல்ட் ஒரு கணம் தயங்கித் தயங்கிப் போனது காலுக்கே தெரிந்தது. எனக்கு அது எரிச்சல். அப்பாவுக்கு அது தடுமாற்றம். விற்பனைப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அவனே ஏறிப் பார்த்துவிட்டு "ஆமா சார்" என்றான்.

அடுத்து, காகிதத்தில் இரண்டாவது பெரிய எண்: அதிகபட்ச வேகம். 14, 16, 18. இதில் எனக்கும் பழைய பாவம் ஒன்று உண்டு. ஆறு வருஷம் முன்னால் 18 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்து நானே ஒன்று வாங்கினேன். அதில் நான் தொட்ட உச்சவேகம் 9, அதுவும் ஒரு நாள், அதுவும் நாலு நிமிஷம். மழைக்காலத்தில் துணி காய ரொம்ப உதவியாக இருந்தது. அந்த உத்தேச ஆள் நானே என்று நினைத்துத்தான் வாங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவுக்குத் தேவையான எண் அதிகபட்ச வேகம் இல்லை, குறைந்தபட்சம். தொடங்கும்போது 0.8 கி.மீ.யா, 1.5 ஆ? பொத்தானை அழுத்தியதும் பெல்ட் எவ்வளவு மெல்ல நகர ஆரம்பிக்கிறது? நிறுத்து என்றால் டக்கென்று நிற்கிறதா, சில விநாடி எடுத்து இறங்குகிறதா? தரையிலிருந்து பலகை எத்தனை சென்டிமீட்டர் உயரம், அதாவது எவ்வளவு பெரிய படி ஏறணும்? பக்கக் கைப்பிடி முன்னால் மட்டும் இருக்கிறதா, இடுப்புவரை நீண்டு வருகிறதா? பதினொரு பிரௌச்சரில் படி உயரம் ரெண்டில் இருந்தது. கைப்பிடி நீளம் ஒன்றிலும் இல்லை. ஆனால் எத்தனை பாட்டு ஸ்பீக்கர், எத்தனை "புரோகிராம்", எந்த ஆப் என்பதெல்லாம் எல்லாவற்றிலும் இருந்தது. கடையில் நான் டேப் எடுத்து அளந்ததில் பலகை உயரம் 13 செ.மீ.யிலிருந்து 22 செ.மீ. வரை வந்தது. முழங்கால் தேய்ந்தவருக்கு இந்த ஒன்பது சென்டிமீட்டர்தான் ஏறுவதா வேண்டாமா என்பதையே முடிவு பண்ணும்.

இப்போது ஏற்றம். என் பார்வையில் மொத்த விவரத்தாளிலும் முக்கியமான வரி இது. அதைத்தான் ரொம்ப அலட்சியமாக எழுதியிருக்கிறார்கள்.

டி.எம்.டி. எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். நெஞ்சில் வயர் ஒட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்ப்பார்களே, அந்தச் சோதனை. அதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் முறை, அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்த ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963இல் வெளியிட்டது. அதன் முதல் கட்டம்: மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம், மூன்று நிமிஷம். இரண்டாவது: 4 கி.மீ., 12 சதவீதம். மூன்றாவது: 5.4 கி.மீ., 14 சதவீதம். கவனியுங்கள், 2.7 கி.மீ. என்பது கோயில் பிராகாரம் சுற்றும் வேகம்தான். இதயத்தை உழைக்கவைக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளை ஓடவிடுவதில்லை. மேட்டில் நடக்கவிடுகிறார்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சமன்பாடு, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜன் என்று கணக்கிடுவது. வேகத்தை நிமிஷத்துக்கு மீட்டரில் எடுத்து 0.1 ஆல் பெருக்கு. வேகத்தை ஏற்றத்தோடும் 1.8 ஓடும் பெருக்கு. சும்மா இருக்கும்போது செலவாகிற 3.5 ஐயும் சேர்த்துக் கூட்டு. 5 கி.மீ. வேகத்தில் சமதளம் என்றால் 8.3 கூட்டல் 3.5, ஆகமொத்தம் 11.8. அதே வேகம், 5 சதவீத ஏற்றம் என்றால் இன்னொரு 7.5 சேர்ந்து 19.3. நடைக்காக மட்டும் செலவாவது 8.3இலிருந்து 15.8. கிட்டத்தட்ட இரட்டிப்பு. காலை வேகமாக வீசவேண்டியதில்லை, குதிக்கவேண்டியதில்லை. விழ பயப்படுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஏற்றத்தில் மோட்டாருக்கு வேலை கூடும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். நேர்மாறு. மேட்டில் நிற்கிறவரின் எடையே பெல்ட்டைக் கீழே தள்ளிவிடுகிறது. பத்து சதவீத ஏற்றத்தில் 80 கிலோ ஆள் தருவது 78 நியூட்டன். மோட்டாரின் சுமை பாதியாகிவிடும். ஆளுக்கு உழைப்பு, மோட்டாருக்கு ஓய்வு.

இதில் விவரத்தாளின் தந்திரம் என்ன என்றால் "15 லெவல் ஆட்டோ இன்க்லைன்" என்பது. லெவல் என்றால் சதவீதம் இல்லை. பதினைந்து பொத்தான் நிலை, அவ்ளோதான். ஒரு இயந்திரத்தைப் பதினைந்தாவது லெவலுக்கு ஏற்றி, செல்போனை பலகையில் படுக்கவைத்து சாய்வு பார்த்தேன். நாலு டிகிரி. அதாவது 7 சதவீதம். பரவாயில்லை, அப்பாவுக்கு அதுவே தாராளம். ஆனால் காகிதத்தை நம்பி, ஆஸ்பத்திரியில் சொன்ன சதவீதத்தை லெவல் எண்ணாக வைத்துக்கொண்டால் கணக்கு முழுக்கத் தப்பாகும். மலிவு மாடல்களில் "3 நிலை மேனுவல் இன்க்லைன்" என்று ஒன்று. இறங்கி, இயந்திரத்தைத் தூக்கி, பின்னால் ஒரு கொக்கியை மாற்றணும். அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எவரும் இரண்டாம் நாள் மாற்றமாட்டார்கள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மேலே சொன்ன கணக்கு குறையும், அதையும் சொல்லணும். எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்கிறது. அதனால் கைப்பிடியைத் தொடவே கூடாது என்று சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். மணிக்கட்டு உடைந்து எழுந்த 73 வயதுக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வரலை. கலோரி போனால் போகட்டும், விழாமல் இருந்தால் சரி.

கலோரி என்றதும் திரை ஞாபகம் வருகிறது. 70 கிலோ ஆள், 5 கி.மீ. வேகம், சமதளம், அரைமணி நேரம். மேலே உள்ள சமன்பாட்டின்படி மொத்தம் 124 கிலோகலோரி. அதில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போகிறதைக் கழித்தால் 87. நான் நடந்த ஒரு திரை, எடையே கேட்காமல் 190 காட்டியது. எடை கேட்காத இயந்திரம் எந்த ஆளின் கலோரியைக் காட்டுகிறது? அந்த உத்தேசப் பையனின் கலோரியைத்தான்.

கலோரி வெறும் வேடிக்கை. திரையில் ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது: இதயத்துடிப்பு அட்டவணை. 220இலிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதத்தைத் தொடு என்று வண்ண வண்ணமாக ஒட்டியிருப்பார்கள். இந்த 220 சூத்திரம் 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. வேறு வேறு ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய பொருந்துகிற ஒரு கோடு, அவ்வளவுதான். 2001இல் தனகாவும் கூட்டாளிகளும் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு முதல் சூத்திரம் 147 தருகிறது, இரண்டாவது 157. எது சரி என்ற சண்டையே இங்கே தேவையில்லை. ஏனென்றால் அவர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது. ஸ்டென்ட் வைத்தவர்களில் எத்தனையோ பேர் அதைச் சாப்பிடுகிறவர்கள்தான். அட்டவணையில் இருக்கிற எண் வரலையே என்று அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? எங்கள் கார்டியாலஜிஸ்ட் சொன்னது ரொம்ப எளிமை: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் நிறுத்தி உட்காரணும். இந்த ரெண்டு வரியையும் எந்தத் திரையிலும் காணோம். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டவணை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

இந்தச் சாதனத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லாரும் 1818இல் வில்லியம் கியூபிட் இங்கிலாந்துச் சிறைகளுக்குச் செய்துகொடுத்த மிதிசக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். ஆஸ்கார் வைல்ட் மிதித்தார், 1898 சட்டத்தோடு ஒழிந்தது, ஆகவே டிரெட்மில் ஒரு தண்டனைக்கருவி என்று நகைச்சுவையாக முடிப்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கியூபிட்டுடையது படிக்கட்டுச் சக்கரம், ஏறிக்கொண்டே இருக்கணும், ஏறுகிறவனின் எடை சக்கரத்தைச் சுற்றும். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கின் உறவினர் அது. நம் வீட்டுக்கு வந்த பெல்ட்டின் நேரடி மூதாதை வேறு: வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர். 1968இல் கென்னத் கூப்பரின் ஏரோபிக்ஸ் புத்தகம் படித்துவிட்டு, வெளியே ஓட முடியாத நாளிலும் ஓட வழி வேண்டும் என்று வீட்டுக்கான மலிவு டிரெட்மில்லை உருவாக்கினார். பேஸ்மாஸ்டர் என்று பெயர். 2012இல் 96 வயதில் காலமானார். வெளியே போக முடியாத நாளுக்காகச் செய்த பொருள் அது. அப்பாவுக்கு இப்போது எல்லா நாளும் அந்த நாள்தான்.

பாதுகாப்பு பற்றி விவரத்தாளில் "சேஃப்டி கீ உண்டு" என்று ஒரே வரி. சிவப்புக் கயிறு, ஒரு முனையை சட்டையில் மாட்டணும், விழுந்தால் சாவி பிடுங்கி பெல்ட் நிற்கும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரங்களில் அந்தக் கயிற்றைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார்கள். நடப்பவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் அது முக்கியம். 2021 மே மாதம் பெலட்டன் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் இயந்திரங்களை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அதில் சிக்கி இறந்தபிறகு. பின்பக்கம் சுழலும் பெல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அங்கே பிரச்சினை. கடையில் மண்டியிட்டு அந்தப் பின்பக்கத்தைப் பாருங்கள். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால், நடை முடிந்ததும் சாவியை எடுத்து பீரோவில் வைக்கிற பழக்கம் வேண்டும்.

கரண்ட் போனால்? இதைப் பற்றி ஒரு பிரௌச்சரும் பேசவில்லை. நம் ஊரில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பெல்ட் நின்றுவிடும், கால் நிற்காது. ஒவ்வொரு மாடலிலும் மெயின் சுவிட்சை நானே அணைத்துப் பார்த்தேன், 3 கி.மீ. வேகத்தில் நடந்துகொண்டே. சிலது ஒரு அடி போல வழுக்கிப்போய் நின்றது. ஒன்று அப்படியே பிடித்து நிறுத்தியது, கைப்பிடி இல்லாவிட்டால் மூக்கு உடைந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இப்போது எல்லாரும் சோபாவுக்கு அடியில் தள்ளுகிற, கைப்பிடி இல்லாத நடைப்பலகையை முதல் நாளே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்வெர்ட்டர் லைனில் மாட்டவும் கூடாது, தனி ஏசி பாயிண்ட்டில்தான்.

மற்ற வரிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நடக்கிறவருக்கு பெல்ட் நீளம் 120 செ.மீ. தாராளம், ஓடுகிறவருக்குத்தான் 140க்கு மேல் வேண்டும். அகலம் குறைந்தது 42, தள்ளாடும் காலுக்கு அகலமே நீளத்தைவிட முக்கியம். இயந்திரத்தின் சொந்த எடை எவ்வளவு என்று கேளுங்கள், ஆட்டம் குறைவது அதனால்தான், பெட்டியோடு சேர்த்த எடையைச் சொல்வார்கள், ஏமாறவேண்டாம். ஸ்டிக்கரில் எச்.சி., எச்.பி. என்று வகுப்பு போட்டிருந்தால் (இந்த எச்.பி. குதிரைசக்தி இல்லை) முதல் எழுத்து வீட்டு உபயோகம் என்பது, இரண்டாவது துல்லியம். சி என்றால் கடைசி வகுப்பு. சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியில் வாங்கியது கடைக்காரர் சொன்ன ஆறு எச்.பி. இல்லை. தொடர்சக்தி 2 எச்.பி. என்று போட்ட, பாட்டு பாடாத, பழைய மாடல் ஒன்று. பலகை 14 செ.மீ., தொடக்கம் 0.8 கி.மீ., கைப்பிடி இடுப்புவரை. மோட்டார் ஏற்றம் உண்டு. நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. குறை: சத்தம் கொஞ்சம் அதிகம், கீழ் வீட்டு மாமி இரண்டாம் நாளே வந்து கேட்டார்கள், கனமான ரப்பர் பாய் போட்டபிறகு கேட்கவில்லை. மடித்து நிமிர்த்துகிற வேலையும் அப்பாவால் ஆகாது. மடிப்பதே இல்லை, ஹாலில் அதுபாட்டுக்கு நிற்கிறது.

இன்றோடு ஐந்து வாரம். முதல் வாரம் 1.5 கி.மீ. வேகத்தில் பத்து நிமிஷம், நான் பின்னால் நின்றுகொண்டு. இப்போது 3.2, ரெண்டு சதவீத மேடு, 25 நிமிஷம். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கையில் செய்தித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. சேஃப்டி கயிற்றை மட்டும் பனியனில் மாட்டிக்கொள்கிறார். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விடவேண்டிய தேதியை தினசரி காலண்டரில் அவரே குறித்துவைத்திருக்கிறார். காய்ந்த பெல்ட்டில் அந்த 0.2 எங்கேயோ போய்விடும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன்.